கால் வைக்காமல் வருகிறேன்

கிஷதா,
6 மார்ச் 1988

லிண்டால்வாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு வருஷம் கழித்து எழுதுகிறவள், 'சுகமா அக்கா' என்று ஒரு வரி போட்டுவிட்டு விஷயத்துக்கு வரக் கூடாதா? எடுத்த எடுப்பில் 'நான் மாசமாக இருக்கிறேன், நீ வந்து என்னோடு இரு' என்று எழுதினால், பஸ் நிலையத்தில் நின்று சோறு போட்டுக்கொண்டிருக்கிற மனுஷி என்ன ஆவாள்? கரண்டியைப் பயற்றுப் பானைக்குள் நழுவவிட்டேன். ஒரு லாரிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சாவுச் சேதியா?" என்றார். "வாயைக் கழுவுய்யா. என் தங்கச்சி நாப்பத்தோரு வயசுல பிள்ளை பெறப் போறா. எல்லாருக்கும் இன்னைக்குப் பாலாடைக்கட்டி கூட ஒரு துண்டு" என்றேன்.

சந்தோஷம்டி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி சண்டைக்கு வருகிறேன்.

கூப்பிடுவது சுலபம். நான் எப்படி வருவது? உன் வீட்டு வாசலில் நின்று நான் செய்த சத்தியத்தை நீ மறந்திருக்கலாம், கனிந்தேயின் புனித பிரான்சிஸ் மறக்க மாட்டார். அவருடைய சுரூபத்தை இங்கிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதை உன் புருஷன் என்ன செய்தான்? "எங்க சபையில சிலை ஆகாது அண்ணி" என்று சொல்லிக் கொல்லையில் வாளிக்குப் பக்கத்தில் கொண்டு வைத்தான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. "இந்த வீட்டுக்குள்ள இனி நான் கால் வெச்சா இந்தக் கால் கட்டையாப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே பஸ் ஏறினேன். கனிந்தே கோயிலில் காணிக்கையாகத் தொங்குகிற மரக்கால்களைச் சின்ன வயதில் நாம் இருவரும் பார்த்துப் பயந்திருக்கிறோம். அந்த வரிசையில் என் காலும் தொங்க வேண்டாம்.

ஆனால் கவலைப்படாதே, வழி கண்டுபிடித்துவிட்டேன். என் கடைக்குப் பக்கத்தில் பத்திரிகை விற்கிறானே அப்தியாஸ், அவனிடம் ஒரு கையேடு இருந்தது. உடம்பை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவது எப்படி என்று புதுசாகப் பழகுகிறவர்களுக்காக எழுதினது. அட்டையில் ஒருவன் மல்லாந்து படுத்திருக்கிறான், அவனுக்கு மேலே அவனே மிதக்கிறான், இரண்டு பேரையும் ஒரு வெள்ளிக் கயிறு கட்டியிருக்கிறது. நானும் ஏதோ பில்லி சூனியம் என்றுதான் புரட்டினேன். அப்படி ஒன்றும் இல்லை. கால் விரலில் தொடங்கித் தலை வரைக்கும் உடம்பைத் தளர்த்த வேண்டும். உடம்பு தூங்க வேண்டும், ஆள் மட்டும் விழித்திருக்க வேண்டும். அப்போது உடம்பெல்லாம் அதிரும், பயப்படாமல் கிடந்தால் எழுந்து வெளியே போய்விடலாம். எங்கே போக வேண்டுமோ அந்த வாசலை நினைத்தால் போதும். வெளியே போனவர் தரையைத் தொடுவதில்லை, ஒரு சாண் உயரத்தில்தான் இருப்பார் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. புரிகிறதா? வீட்டுக்குள் வருவேன், ஆனால் கால் வைக்க மாட்டேன். புனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது.

ஒரே இடைஞ்சல், முதுகை நேராக வைத்துப் படு என்கிறது புத்தகம். எழுதினவன் கட்டிலில் பிறந்தவன் போலிருக்கிறது. பிறந்ததிலிருந்து தூளியில் குறுக்காகப் படுத்துத் தூங்குகிற நமக்கு முதுகு எப்படி நேராகும்? கொல்லைக் கதவைக் கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் போட்டுப் படுக்கிறேன். கதவில்லாத வழியாகப் பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து என் முகத்தை முகர்ந்து பார்க்கிறது. அதுவும் பழகிவிடும்.

மத்தியானம் கடை மூடினதும் வருவேன். உன் அலமாரி மேல் ஏதாவது ஒரு பொருளை வைத்துவிடு. அது என்னவென்று நான் இங்கிருந்து எழுதுகிறேன். கையேட்டில் இதைத்தான் முதல் சோதனையாகப் போட்டிருக்கிறான். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
அல்டெனோரா

*

பெலெம்,
17 மார்ச் 1988

அக்காவுக்கு,

சுகமா அக்கா? வரி போட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வரலாமா?

உன் கடிதத்தை மருந்துக்கடையில் வாங்கி வந்து கொடுத்தார் இவர். (எங்கள் சந்துக்குள் தபால்காரர் வர மாட்டார், கடிதமெல்லாம் அங்கேதான் வரும்.) படுத்தபடியே படித்தேன். நான் இப்போது எல்லாமே படுத்தபடிதான் செய்கிறேன். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறதாம், எழுந்து நடந்தால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் நீ கதவின் மேல் மல்லாந்து கிடப்பதையும் ஆடு மோப்பம் பிடிப்பதையும் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

"அண்ணி என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டார்.

"ஆகாயத்துல வர்றாளாம்."

"விமானத்துலயா? டிக்கெட் எடுத்துட்டாங்களா?"

விவரமாகச் சொன்னேன். முகம் இருண்டு போய்விட்டது. இதெல்லாம் பிசாசின் வேலை, வேதத்தில் தடுத்திருக்கிறது என்று ஆரம்பித்து என் தலையில் கை வைத்து நீளமாக ஜெபம் செய்தார். ஆமென் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டும்போது, "வர்றதுன்னா மழைக்கு முன்னாடி வரச் சொல்லு. நனைஞ்சிடப் போறாங்க" என்றார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அலமாரி மேல் ஒன்று வைத்திருக்கிறார். என்ன என்று நான் கேட்கவில்லை. நான் தெரிந்துகொண்டால் நீ என் மண்டைக்குள்ளிருந்து திருடிவிடுவாய். சின்ன வயதில் என் வெல்லக்கட்டிகளை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்தவள்தானே நீ.

ஒரு சந்தேகம் அக்கா. அட்டைப் படத்தில் மிதக்கிற ஆளுக்குக் கால் இருக்கிறதா?

விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். இதற்கு முன் இரண்டு முறை தரித்துத் தங்காமல் போனது உனக்குத் தெரியாது. நீ பேசாத காலம், நானும் எழுதாத காலம். அந்த இரண்டு முறையும் பக்கத்து வீட்டுக்காரிதான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நல்லவள். ஆனால் அவள் கை உன் கை இல்லை.

பஸ் தினமும் ஓடுகிறது.

லிண்டால்வா

*

கிஷதா,
29 மார்ச் 1988

லிண்டாவுக்கு,

வந்தேன்! உன் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனேன்!

கொஞ்சம் பொறு, வரிசையாகச் சொல்கிறேன். முதலில் உன் கேள்வி. படத்தில் இருக்கிறவனுக்குக் கால் இருக்கிறது, பத்து விரலும் இருக்கிறது. நீ கேட்ட பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆவிச் சபை நடத்துகிற சுலெய்தி அம்மாளிடம் போய்க் கேட்டேன். "அது பழக்கத்துக்காகத் தெரியற கால், ஊன்றதுக்கு இல்ல. ராத்திரி கனவுல சாப்பிட்டா வயிறு ரொம்புதா?" என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். போகும்போது கையில் இன்னொரு கையேட்டையும் கொடுத்தார். முதல் புத்தகம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்கிறது, இரண்டாவது புத்தகம் பசியோடு படுக்காதே என்கிறது. பாதி வயிறு சாப்பிட்டேன், இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வராது.

முதல் சில நாள் குறட்டைதான் விட்டேன். ஒரு நாள் விழித்துப் பார்த்தால் முதல் புத்தகத்தின் அட்டை ஆட்டின் வாயில் இருந்தது. கடைசியில் கதவு வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு என் தூளியிலேயே குறுக்காகப் படுத்தேன். அன்றைக்குத்தான் பலித்தது. மரவள்ளி மாவு அரைக்கிற மில்லுக்குள் நின்றால் உடம்பு எப்படி அதிரும், அப்படி அதிர்ந்தது. பிறகு சட்டென்று அமைதி. கீழே பார்த்தால் நான் தூளியில் கிடக்கிறேன். இவ்வளவு குண்டாகிவிட்டேன் என்று யாருமே என்னிடம் சொல்லவில்லை, நல்ல ஊர் இது.

உன் வாசலை நினைத்தேன். நின்றேன். அதே மாமரம், அதே மஞ்சள் சுவர், மூன்றாம் படியில் அதே வெடிப்பு. உள்ளே மிதந்து வந்தேன், கால் வைக்கவில்லை, நன்றாகக் கவனித்துக்கொண்டேன். அலமாரி மேல் ஒரு சீப்பு இருந்தது. சரிதானே?

கூடத்தில் தூளி கட்டி, முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு உன் புருஷன் தூங்குகிறான். வேலை நாளில், மத்தியானத்தில்! எனக்கு வந்ததே கோபம். "எந்திரிடா தடிமாடு! பொண்டாட்டி படுக்கையில கிடக்கா, உனக்குத் தூக்கம் கேக்குதா?" என்று காதருகே போய்க் கத்தினேன். தாள் அசைந்தது. அதிலிருந்து தினமும் வந்து இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

உன்னைத்தான் காணவில்லை. எல்லா அறையிலும் தேடினேன். எந்த அறையில் படுத்திருக்கிறாய் என்று உடனே எழுது. இத்தனை பாடுபட்டு வருகிறேன், உன் முகத்தைப் பார்க்காமல் போக எனக்கு மனசே வரவில்லை.

அக்கா

*

பெலெம்,
10 ஏப்ரல் 1988

அக்காவுக்கு,

சீப்பு இல்லை. படகுப் பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற மரச்சுத்தியை வைத்திருந்தார், தான் வேலை செய்கிற பட்டறையிலிருந்து கொண்டுவந்து.

அது போகட்டும். மஞ்சள் சுவர், மாமரம், படியில் வெடிப்பு. அக்கா, நீ போனது நாங்கள் குடியிருந்த பழைய வீடு. அதைக் காலி செய்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது இருப்பது இவர் கையாலேயே கட்டினது, கரையோரத்தில் தண்ணீர் மேல் கம்பு நட்டு நிற்கிற பலகை வீடு. மாமரம் இல்லை, படி இல்லை. சுவருக்கு நிறமும் இல்லை, அதற்குள் நான் படுத்துவிட்டேன்.

நினைவில் இருந்த வீட்டைத்தான் கனவு கண்டிருக்கிறாய் என்று எழுதி முடிக்கப் போனேன். முடிக்கவிடாமல் ஒன்று நடந்துவிட்டது.

இவர் வேலையாக அந்தத் தெருப் பக்கம் போனபோது அந்த வீட்டில் இப்போது இருக்கிறவரைப் பார்த்திருக்கிறார். பிரசிலினோ என்று பெயர், சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒண்டிக்கட்டை. இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே புலம்பலாம். "ஐயா, நீங்க இருந்தப்போ இந்த வீட்டுல ஏதாச்சும் நடமாட்டம் இருந்துச்சா? மத்தியானம் கண்ணை மூடினா ஒரு பொம்பளை குரல். எந்திரிடா தடிமாடு, பொண்டாட்டி படுக்கையில கிடக்கான்னு திட்டுது. எனக்குக் கல்யாணமே ஆகலைங்க!" சாமியாரைக் கூப்பிட்டு வீடெல்லாம் தீர்த்தம் தெளித்துப் பார்த்தாராம். அதற்கும் அடங்கவில்லையாம்.

உன் கடிதத்தை நான் இவருக்குப் படித்துக் காட்டவில்லை அக்கா. தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர் இதைச் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "அண்ணிக்கு எழுது. அந்தாளு பாவம், விட்டுடச் சொல்லு" என்றார்.

நானும் அதைத்தான் சொல்கிறேன். விட்டுவிடு. போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரத்தம் பட்டது. தானாக நின்றுவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார், குழந்தை அசைகிறது என்றார், அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். என் வயதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. செத்துப்போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதை இவரிடம் சொன்னால் ஜெபத்துக்கு உட்கார்ந்துவிடுவார், உன்னிடம் சொன்னால் திட்டுவாய். எனக்குத் திட்டுதான் வேண்டும்.

மிதந்து வந்து என்ன செய்வாய்? என் தலையைப் பிடித்துவிட உனக்குக் கை இருக்காது. கஞ்சி வைக்க முடியாது. வாய் மட்டும்தான் வரும், அதுவும் பாவம் பிரசிலினோவின் காதுக்கு.

அந்த வாசலில் நின்று, அந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்றாய். இந்த வீட்டின் மேல் நீ எந்தச் சத்தியமும் செய்யவில்லை. வேறு காரணம் இருந்தால் எழுது. இல்லையென்றால் பஸ் ஏறு.

லிண்டா

*

கிஷதா,
19 ஏப்ரல் 1988

லிண்டாவுக்கு,

ஆக, நான் போனேன். கனவு இல்லை. முகவரி தப்பு, அவ்வளவுதான். தபால்காரனுக்குக்கூட அது நடக்கிறது. இதைச் சொல்லாமல் மேலே எழுத என்னால் முடியாது, மன்னித்துக்கொள். சுலெய்தி அம்மாளிடம் சொன்னேன், சபையில் எழுந்து நின்று கை தட்டினார்கள். பிரசிலினோவுக்கு நான்கு கட்டி வெல்லம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். முன்பின் தெரியாத மனுஷனைத் தடிமாடு என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது உன் கேள்வி. எழுதத் தொடங்கி மூன்று தாள் கிழித்துவிட்டேன். கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் கேட்டேன். "சாமி, வீடு மாறிட்டா சத்தியம் என்னாகும்?"

அவர் வெயிலுக்குத் தொப்பியைச் சரி செய்துகொண்டே கேட்டார்: "நீ வெறுத்தது அந்தச் செங்கல்லையா, அந்த மனுஷனையா?"

கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நாலாவது தாளை எடுத்தேன்.

அம்மா இறந்தபோது உனக்கு ஆறு வயது. உன்னைத் தூளியில் போட்டு ஆட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். அவன் வந்து சரக்கைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி உன்னைக் கொண்டுபோனான். சரி, போகட்டும் என்று நான் உனக்குத் துணையாக அனுப்ப நினைத்தது ஒரே ஒரு புனிதரை. அவரைக்கூட வாளிக்குப் பக்கத்தில் வைத்தான். என்னையே அங்கே வைத்தது மாதிரி இருந்தது. உள்ளே வர உனக்கு இடமில்லை என்று என்னிடம் சொன்னது மாதிரி இருந்தது. நாலு வருஷமாக அது ஆறவில்லை.

அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன், உள்ளதை உள்ளபடி எழுது. அந்தச் சுரூபம் எங்கே? வீடு மாறும்போது அந்த வாளியோடு அங்கேயே விட்டுவிட்டீர்களா? ஆற்றில் போட்டானா? பொய் எழுதாதே, உன் கையெழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

நான் மறுபடி அந்த வீட்டுக்குப் போகவில்லை. கதவையும் பழைய இடத்தில் மாட்டிவிட்டேன்.

ரத்தம் திரும்பப் பட்டதா? அதை முதல் வரியில் எழுது. செத்துப்போவேனோ என்று இன்னொரு முறை எழுதினாய் என்றால் வந்து அறைவேன், கை இல்லாமல் போனாலும்.

அக்கா

*

பெலெம்,
28 ஏப்ரல் 1988

அக்காவுக்கு,

மறுபடியும் பட்டது. முதல் வரியில் எழுதச் சொன்னாய். நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நாள் பார்த்து அங்கேயே அறுத்து எடுப்பார்கள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

சுரூபம் பத்திரமாக இருக்கிறது. வீடு மாறினபோது சாமான்களை எல்லாம் ஓடத்தில் ஏற்றினோம். கண்ணாடி உடைந்தது, உன் பழைய தையல் மிஷின் தண்ணீரில் விழப் பார்த்தது. உன் புனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர் சபைக்குப் போடுகிற சட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "சிலைதானே, ஏன் இந்தப் பாடு?" என்று நான்தான் கேட்டேன். "நான் கும்பிட மாட்டேன். ஆனா அண்ணி இதை மடியில வெச்சு அவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்தாங்க. மழையில வெச்சது என் தப்பு" என்றார்.

படகுப் பட்டறையில் ஒரு பலகை அடித்து அதில் வைத்திருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் அதற்கு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். தீர்ந்துபோனால் இவர்தான் வாங்கி வைக்கிறார். ஏற்ற மட்டும் மாட்டார்.

இதை அண்ணிக்கு எழுதட்டுமா என்று அப்போதே கேட்டேன். "அவங்களா கேக்கட்டும்" என்றார். இரண்டு பேரும் ஒரே மாவில் பிசைந்தவர்கள், நடுவில் நான் ஒருத்தி.

மருந்துக்கடையில் ஒத்னியேல் என்று இவர் பெயரைச் சொல்லு, வந்து அழைத்துப் போவார்.

லிண்டா

*

பெலெம்,
7 மே 1988

லிண்டாவுக்கு,

உன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஒத்னியேல் உன்னைப் பார்க்கப் போகும்போது கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று மழைக்குப் பிறகு வந்து சேர்ந்தேன். காற்றிலேயே இவ்வளவு தூரம் வந்து பழகினவள், உங்கள் பலகைப் பாலத்தைப் பார்த்ததும் பெட்டியை இறக்கி வைத்து நின்றுவிட்டேன். கீழே கறுப்புத் தண்ணீர், ஒரு பலகை ஆடுகிறது, ஒரு பலகையைக் காணோம். "கீழ பாக்காதீங்க அண்ணி, என் முதுகைப் பாத்துக்கிட்டே வாங்க" என்று முன்னால் நடந்தான். சட்டை முதுகில் கிழிந்திருக்கிறது, உனக்குத் தெரியுமா? தைத்துவிட்டேன்.

வாசலில் நின்று வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன். கட்டையாகவில்லை. விரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன், ஒத்னியேலும் பார்த்தான். அலமாரி மேல் எட்டிப் பார்த்தேன், சுத்தி அங்கேதான் இருக்கிறது.

புனிதரைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். எங்கே வைப்பது என்று இரண்டு பேரும் நின்றோம். "உங்க பெட்டி மேல வெச்சுக்கங்க. பெட்டி உங்களுது, வீடு என்னுது" என்றான். நியாயம்தான். அவன் போடுகிற காப்பியைத்தான் மனுஷன் குடிக்க முடியாது.

இன்று காலை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். புருஷனைத் தவிர யாரையும் உள்ளே விட மாட்டானாம் அந்தக் காவல்காரன். நான் அவளை வளர்த்தவள் என்றேன். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்கிறான். நீ படுத்திருக்கிற ஜன்னல் எது என்று மட்டும் ஒத்னியேல் காட்டினான். கையை ஆட்டினேன், நீ பார்த்திருக்க மாட்டாய்.

நாளைக் காலையில் உன்னை அறுவைக்குக் கொண்டுபோகிறார்களாம். அந்தக் காவல்காரனுக்குத் தெரியாத வழி எனக்குத் தெரியும். உன் தூளியிலேயே குறுக்காகப் படுத்து வந்துவிடுவேன். இந்த முறை முகவரி சரியாக இருக்கிறது. உன் தலைமாட்டில் நிற்பேன். பயப்படாதே, நான் இருக்கிறேன்.

அக்கா

*

பெலெம், ஆஸ்பத்திரி,
10 மே 1988

அக்காவுக்கு,

பெண் குழந்தை. ஒத்னியேல் வந்து சொல்லியிருப்பார். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும் என்று பேனா வாங்கினேன். மூக்கு உன்னுடையது, அழுகையும் உன்னுடையது. பக்கத்துப் படுக்கைக்காரிகள் தூங்கி இரண்டு நாளாகிறது.

உன் மேல் ஒரு புகார் இருக்கிறது. தூளியில் படுத்து வருகிறேன் என்று எழுதிவிட்டு நீ படுக்கவே இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? பார்த்தேன். மயக்க மருந்து கொடுத்தார்கள், எண்ணச் சொன்னார்கள், எண்ணிக்கொண்டே இருந்தேன். பிறகு மேலே இருந்தேன். அதிர்வு இல்லை, கயிறு இல்லை, நான் உன் கையேட்டை ஒரு பக்கம்கூடத் திறந்தவள் இல்லை. கீழே நான் கிடக்கிறேன். ரத்தம் நிறையப் போகிறது, டாக்டர் ஏதோ கத்துகிறார், ஒரு நர்ஸ் ஓடுகிறாள். எனக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லாத மாதிரி இருந்தது. சுவரைத் தாண்டினால் நடைவழி. அங்கே நீ தரையில் உட்கார்ந்திருந்தாய். ஒரு காலில்தான் செருப்பு. இன்னொன்று ஒத்னியேல் கையில், அறுந்த வாரைத் தூண்டில் நரம்பால் கட்டிக்கொண்டே வாய்விட்டு ஜெபம் செய்கிறார். உன் கையில் ஜெபமாலை. அவர் தோள் மேல் சாய்ந்திருந்தாய், அக்கா. அது உனக்குத் தெரியுமோ தெரியாதோ.

பார்த்து நிம்மதியாக இருந்தது. சரி, இவர்கள் இரண்டு பேரும் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. இன்னும் மேலே போகலாம் போல இருந்தது. வலி இல்லை. உண்மையைச் சொல்கிறேன், திரும்பி வர எனக்கு ஆசையே இல்லை.

அப்போது கத்தினாய். சின்ன வயதில் பாறைமேல் ஏறி விளையாடும்போது கொல்லையில் நின்று கூப்பிடுவாயே, அதே குரல். "அடியே லிண்டா! எங்கடி போறே? சோறு ஆறுது, இறங்கி வா!" அந்தக் குரலுக்கு வராமல் இருக்க முடியுமா? முதுகில் அடி விழுமே. இறங்கினேன். அதோடு வலி வந்துவிட்டது.

நேற்று இவரிடம், "அக்கா செருப்பு அறுந்துச்சா?" என்று கேட்டேன். கையிலிருந்த பால் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். "யாரு சொன்னா?" காவல்காரனோடு தள்ளுமுள்ளு செய்து நீ உள்ளே வந்த கதையை எல்லாம் பிறகு சொன்னார்.

"அக்கா கத்தினதுக்கு டாக்டர் திட்டலையா?" என்றேன்.

"அண்ணியா? அவங்க வாயே திறக்கலையே. குழந்தை அழற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை" என்றார்.

இதற்கு உன் புத்தகங்களில் என்ன போட்டிருக்கிறது என்று தேடிப் பார்க்காதே. எனக்கு வேண்டாம். நீ கூப்பிட்டாய், நான் வந்தேன், எனக்கு அது போதும்.

நாளைக்குப் பொது வார்டுக்கு மாற்றுகிறார்கள், அங்கே உன்னை விடுவார்களாம். இவளைத் தூக்கி என் தோள் வலிக்கிறது. வந்து வாங்கிக்கொள்.

நடந்தே வா.

லிண்டா